சேராத செய்தியா, கேட்காத செய்தியா? 1951-ன் ‘லிட்டில் பிக் ஹார்ன்’ படமும் நிஜமும்

வெஸ்டர்ன் பட ரசிகர்களிடம் ‘லிட்டில் பிக் ஹார்ன்’ (1951) பற்றிப் பேச்சு எடுத்தால் மூன்று கட்சி கிளம்பும். முதல் கட்சி, “இதெல்லாம் ஒரு குதிரைப்படைப் படமா? விரல் விட்டு எண்ணிடலாம் குதிரைகளை. தலைப்பில் இருக்கிற சண்டையையே காட்டல” என்று அலுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்சிக்கு அதுதான் படத்தின் பலம். ஆரவாரம் இல்லை, சாகப் போகிறோம் என்று தெரிந்தே நடக்கிற மனிதர்களின் கதை என்பார்கள். மூன்றாவது, நம்ம வரலாற்றுக் கட்சி. “அப்படி ஒரு ரோந்துப்படை போகவே இல்லையே!” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மூவரும் சொல்வது சரிதான். ஆனால் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கு.

முதலில் கதை. 1876. சூ இனத்தவர் பெரும் எண்ணிக்கையில் திரண்டிருப்பதை ஒரு சிறிய குதிரைப்படைக் குழு தெரிந்துகொள்கிறது. கஸ்டரை எச்சரிக்க விரைகிறது. வழியில் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். தலைவராக லாயிட் பிரிட்ஜஸ், அவருக்குக் கீழே லெப்டினன்டாக ஜான் அயர்லாந்து. தலைவரின் மனைவிக்கும் (மேரி வின்ட்சர்) லெப்டினன்டுக்கும் இடையே உறவு. ஆக, பகை வெளியிலும் இருக்கு, உள்ளேயும் இருக்கு. இயக்குநர் சார்லஸ் மார்க்விஸ் வாரன். பின்னாளில் ‘கன்ஸ்மோக்’, ‘ராஹைட்’ தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரித்தவர்.

தயாரிப்பு லிப்பர்ட் நிறுவனம். ராபர்ட் லிப்பர்ட் அடிப்படையில் கலிபோர்னியாவில் தியேட்டர்கள் வைத்திருந்தவர். தியேட்டரை நிரப்ப மலிவாகப் படம் வேண்டும், அதனால் தானே எடுக்க ஆரம்பித்தார். சாமுவேல் ஃபுல்லரின் ஆரம்பப் படங்களும் இங்கிருந்துதான் வந்தன. எர்ரல் ஃபிளின்னைக் கஸ்டராகப் போட்டு, ராவுல் வால்ஷ் 1941-ல் எடுத்தாரே, அந்த மாதிரி பிரம்மாண்டம் எல்லாம் லிப்பர்ட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஏழாவது குதிரைப்படையையே நிறுத்திச் சண்டை போடக் காசு இல்லை. அப்போ என்ன செய்யலாம்? சண்டையை நோக்கிப் போகிற சில பேரைக் காட்டலாம். செய்தி சேராது என்பது படம் பார்ப்பவருக்கு முதலிலேயே தெரியும். அதனால் சோகம் தானாக வந்துவிடும். நல்ல யோசனைதான்.

ஆனால் இந்த யோசனை ஒரு கருத்தையும் கூடவே கொண்டுவருகிறது: கஸ்டருக்குத் தகவல் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார். நிஜத்தில் அந்த நாட்களில் மூன்று செய்திகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் செய்தி, உண்மையிலேயே வந்து சேராதது. ஜூன் 17, 1876 அன்று ரோஸ்பட் ஆற்றங்கரையில் ஜெனரல் க்ரூக்கின் படையை லக்கோட்டாக்களும் ஷையன்களும் எதிர்த்துத் தாக்கினார்கள். க்ரூக்கிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இருந்தும் அவர் தெற்கே பின்வாங்கினார். வடக்கே இருந்த ஜெனரல் டெர்ரிக்கோ, அவர் அனுப்பிய கஸ்டருக்கோ இந்த விவரம் போய்ச் சேரவில்லை. படம் எடுத்தவர்களுக்குச் சாதகமான ஒரே சான்று இதுதான்.

இரண்டாவது செய்தி, வந்து சேர்ந்தது. ஜூன் 25 விடியற்காலையில், க்ரோஸ் நெஸ்ட் என்ற உயரமான இடத்திலிருந்து கஸ்டரின் ஸ்கவுட்டுகள் தொலைவில் மிகப் பெரிய குதிரை மந்தையைப் பார்த்தார்கள். கஸ்டரும் ஏறிப் பார்த்தார், அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை பெரிய முகாமைத் தான் பார்த்ததே இல்லை என்று ஸ்கவுட் மிட்ச் போயர் எச்சரித்தார். அரிக்கரா இனத்து பிளடி நைஃப்பும் எச்சரித்தார். இரண்டு பேரும் அன்றே செத்துப்போனார்கள். கஸ்டரின் கவலையோ வேறு: முகாம் கலைந்து தப்பித்துவிடக் கூடாது. மறுநாள் தாக்கலாம் என்றிருந்தவர், தன் படையை எதிரிகள் பார்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் உடனே கிளம்பினார். இருந்த பன்னிரண்டு கம்பெனிகளையும் பிரித்தார். தனக்கு ஐந்து, ரீனோவுக்கு மூன்று, பென்டீனுக்கு மூன்று, சரக்குக் கழுதைகளுக்குக் காவலாக ஒன்று.

மூன்றாவது செய்தி, கஸ்டரே அனுப்பியது. கொண்டுபோனவர் ஜியோவானி மார்ட்டினி, இத்தாலியிலிருந்து வந்த ட்ரம்பெட் வீரர். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அதனால் அட்ஜுடன்ட் குக் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முகாம் பெரியது, சீக்கிரம் வா, பொதிகளைக் கொண்டு வா என்பதுதான் சாரம். அந்தத் தாள் இன்றும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இருக்கு. செய்தி பென்டீன் கையில் சேர்ந்தது. ஆனால் அவர் வழியில், தோற்றுக் குன்றின்மேல் ஏறியிருந்த ரீனோவைச் சந்தித்து அங்கேயே சேர்ந்துகொண்டார். கஸ்டரோடு இருந்த சுமார் 210 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மார்ட்டினி பிழைத்ததே செய்தி கொண்டுபோனதால்தான். 1879-ல் சிகாகோவில் நடந்த ரீனோ விசாரணையில் சாட்சி சொல்லி, 1922 வரை வாழ்ந்தார்.

பாருங்க, படத்தில் தூதுவர்கள் சாகிறார்கள், செய்தி சேரவில்லை. நிஜத்தில் தூதுவர் பிழைத்தார், செய்தியும் சேர்ந்தது. எங்கள் துறையில் சர்வர் விழுந்தால் முதல் கேள்வி, “அலர்ட் வந்ததா?” வந்திருந்தால் அடுத்த கேள்வி, “பார்த்தவர் என்ன செய்தார்?” முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. படம் அந்த முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ‘எச்சரிக்கை’ என்ற சொல்லே கஸ்டரைத் தாக்கப்பட்டவராக ஆக்கிவிடுகிறது. அந்த ஆற்றங்கரையில் இருந்தது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வாழ்ந்த முகாம். தேடிப்போய்த் தாக்கியது ராணுவம். 1868 ஒப்பந்தப்படி பிளாக் ஹில்ஸ் லக்கோட்டாக்களுக்கு உரியது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பதை உலகுக்குச் சொன்ன படையை நடத்தியவர் இதே கஸ்டர்தான். 1876 ஜனவரி 31-க்குள் எல்லோரும் ஒதுக்கிடங்களுக்கு வந்துவிட வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. வராதவர்கள் எதிரிகள். எச்சரிக்கை தேவைப்பட்டது யாருக்கு என்று படத்தின் ரசிகர்களும் கேட்பதில்லை, குறை சொல்பவர்களும் கேட்பதில்லை. குதிரை எண்ணிக்கையிலேயே பேச்சு முடிந்துபோகிறது.

அமெரிக்க அரசுக்கே இந்தப் பார்வை வர வெகுகாலம் ஆனது. ‘கஸ்டர் போர்க்களம்’ என்ற பெயரை 1991-ல்தான் ‘லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம்’ என்று மாற்றினார்கள். அங்கே பூர்வகுடிகளுக்கான நினைவிடம் 2003-ல்தான் திறக்கப்பட்டது.

படத்தைப் பார்க்கலாமா? தாராளமாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, கறுப்பு வெள்ளை, பிரிட்ஜஸும் அயர்லாந்தும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். முடிந்ததும் மிட்ச் போயரைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படியுங்கள். படம் எடுக்க அவர் கதையே போதும், அதற்கும் அதிக குதிரைகள் தேவைப்படாது.