சித்திரவதை ஆணைய அறிக்கை (1855): முறையீடுகளும் முடிவுரையும்

சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிப்பதற்கும் குற்ற ஒப்புதல் பெறுவதற்கும் குடிகள் வதைக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1854 ஜூலையில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. 1852இல் தோன்றிய சென்னைவாசிகள் சங்கம் இதனை முன்னரே விண்ணப்பமாக எழுப்பியிருந்தது. 1853இல் இங்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சேமூர், அச்சங்கத்தின் கஜுலு லட்சுமிநரசு செட்டியுடன் மாகாணத்தில் பயணம் செய்து குடிகளின் குறைகளை நேரில் அறிந்திருந்தார். விவாதத்தைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1855 ஏப்ரலில் அளிக்கப்பட்டது.

ஆணையத்திற்கு வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் அளிக்கப்பட்டவை, 1,440 கடிதங்கள். சாலை வசதி குன்றிய அக்காலத்தில், ஊர் அதிகாரியின் சினத்துக்கு அஞ்சாமல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் நேரில் வந்தனர் என்பதே ஒரு சான்று. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே நெரிக்கும் கிட்டி, குனிய வைத்துக் கட்டிப்போடும் அண்ணந்தாள், வெயிலில் நிறுத்துதல், கண்ணில் மிளகாய்ப்பொடி இடுதல் எனப் பல வதைமுறைகள் பதிவாயின. கிட்டியும் அண்ணந்தாளும் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில அறிக்கைக்குள் நுழைந்தன. மொழிபெயர்க்கத் தக்க ஈடு எழுத்தர்க்குக் கிடைக்கவில்லை போலும்.

வரிக்காக வதை நிகழ்ந்தது உண்மை என ஆணையம் ஏற்றது. பாதிக்கப்பட்டோர் பரிகாரம் பெறுவது அரிது என்பதையும் ஏற்றது. ஆயினும் மக்களின் ஓலம் தம் இனத்தாரான கீழ்நிலை ஊழியரின் கொடுமைக்கு எதிரானதே, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு எதிரானதன்று என்று முடிவு கூறியது. இம்முடிவு அறிக்கையின் சான்றுகளோடு ஒட்டவில்லை. பரிகாரம் அரிதாயிருந்தது ஏன்? 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் காவல் பொறுப்பு தாசில்தாரிடமும் கிராமத் தலைவரிடமும் சென்றது. கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆனார். வரி கேட்ட கையே வழக்கையும் கேட்டது. முறையீடு செய்யச் சென்ற குடி, தன்னை வதைத்தவனின் மேலதிகாரியிடமே நிற்க வேண்டியிருந்தது. அம்மேலதிகாரி ஐரோப்பியர். கொடுமையைச் செய்தவன் சேவகன் என்பது மெய். அவனுக்குக் காலக்கெடுவும் தொகையும் விதித்தவர் யார் என்ற வினாவை அறிக்கை முழுமையாகத் தொடரவில்லை. ஆணையத்துக்கு முன்பே நீதி நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடி நூல் எழுதிய நார்ட்டனும் இம்முடிவில் கையொப்பமிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. 1857இல் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' இதழில் இவ்வறிக்கையைக் கொண்டு கட்டுரை எழுதிய கார்ல் மார்க்ஸ், அரசை விடுவிக்கும் இப்பகுதியை ஏற்கவில்லை.

முறையீடுகளை மக்களின் நேரடிக் குரலாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. எழுத்தறியாதார்க்கு மனு எழுதுவோர் எழுதித் தந்தனர், அது ஆங்கிலத்தில் சுருங்கியது, பின்னரே அச்சேறியது. எனினும் ஊர், தொகை, வதைத்த ஊழியரின் பதவி என்னும் விவரங்கள் இச்சுருக்கத்திலும் அழியவில்லை. ஆய்வாளர்க்கு முடிவுரையைவிட இப்பின்னிணைப்புகளே பெரும்பயன் தருவன.

அறிக்கையைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களின் போக்கும் இவ்வாறே அமைந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதலை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாகாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872இன் சான்றுச் சட்டத்தில் 25ஆம் பிரிவாயிற்று. வரி வசூலிலோ கலெக்டரின் கை தளரவில்லை. சென்னை வருவாய் வசூல் சட்டம் (1864) அதன் 48ஆம் பிரிவில், சொத்தை விற்றும் நிலுவை தீராதபோது, குடி வேண்டுமென்றே செலுத்தாதிருக்கிறான் என நம்பக் காரணம் இருந்தால் அவனைக் கைது செய்து சிறையிலிடும் அதிகாரத்தைக் கலெக்டருக்கே வழங்கியது. அச்சிறைவாசத்தின் உச்ச வரம்பு 2 ஆண்டுகள்.