ஒரு வாரத்தில் ஒரு பூகி

லாஸ் ஏஞ்சலிஸில் ஜூல்ஸ் பிஹாரி என்றொருவர் ஜூக்பாக்ஸ் தொழில் நடத்திவந்தார். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் பெட்டியை வைத்துவிட்டு, விழுகிற காசை அவ்வப்போது வந்து எடுத்துப்போவார். பெட்டி இருந்தது, கேட்க ஆள் இருந்தார்கள், போடத்தான் இசைத்தட்டு இல்லை. பெரிய கம்பெனிகள் கறுப்பர் இசையைக் குறைவாகவே பதிந்தன. போதாக்குறைக்கு இரண்டாம் உலகப்போர். அன்றைய இசைத்தட்டுகளுக்கு அரக்கு வேண்டும். அது முக்கியமாக இந்தியாவிலிருந்துதான் கப்பலேற வேண்டும்.

1945-ல் ஓர் இசைக்கடையில் ஒரு பெண் பியானோவில் எதையோ கட்டிக்கொண்டிருந்தது பிஹாரியின் காதில் விழுந்தது. சுப்பே என்ற ஆஸ்திரியரின் 'கவிஞனும் குடியானவனும்' முகப்பிசையைப் பூகி-வூகி என்ற ப்ளூஸ் பியானோ நடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார் அவர். புதிதாக ஒரு பூகி போட்டுத் தர முடியுமா, ஒரு வாரம் அவகாசம் என்றார் பிஹாரி. கையில் 800 டாலர் இருந்தது. வந்தால் லாபம், போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

அந்தப் பெண் சிறுவயது முதல் ஐரோப்பிய செவ்வியல் இசை பயின்றவர். வாரம் 10 டாலர் கூலிக்கு ஒரு டாப் நடனப் பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்தார். கெடுவுக்குள் 'ஸ்விங்கிங் தி பூகி' தயாராகிவிட்டது. அந்தத் தட்டோடுதான் பிஹாரி சகோதரர்களின் மாடர்ன் ரெக்கார்ட்ஸ் கிளம்பியது. அந்தப் பெண்ணுக்கு ஹாடா ப்ரூக்ஸ் என்று தொழிற்பெயரும், 'பூகி ராணி' என்ற பட்டமும் கிடைத்தன.

சென்ற வாரங்களில் நாம் பார்த்த ஆண்கள் பூகிக்கு வந்த வழியே வேறு. கிழக்கு டெக்சஸின் மரம் வெட்டும் முகாம்கள், சரக்கு ரயிலில் தொற்றிப் பயணம், சாராயக் கொட்டகையில் இரவெல்லாம் வாசிப்பு, விடிந்ததும் அடுத்த முகாம். பெண்ணொருத்தி தனியாகப் போகக்கூடிய பாதை அல்ல அது. ஹூஸ்டனின் தாமஸ் குடும்பத்தில்கூட அண்ணன் ஜார்ஜும் தம்பி ஹெர்சலும் பியானோவில் பேர் வாங்கினார்கள். சகோதரி சிப்பி வாலஸ் பாடகியாகத்தான் அறியப்பட்டார். பியானோ முன் உட்கார்ந்த பெண்கள் பெரும்பாலும் வீட்டுப் பாடம், தேவாலயம், வானொலி நிலையம் வழியாக வந்தவர்கள். அவர்களிடம் பூகி வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒன்றே கண்ணில் படுகிறது: யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார், இவர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டதும் செய்து கொடுக்கிற காரியமா அது? ப்ளூஸின் பன்னிரண்டு சுற்றுகளுக்குள், சுற்றுக்கு எட்டு அடி வீதம் இடது கை ஒரே உருவத்தை அலுக்காமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை அதைச் சட்டை செய்யாததுபோல இஷ்டத்துக்கு விளையாட வேண்டும். மிருதங்கக்காரரும் பாடகரும் ஒரே உடம்பில் இருந்தால் எப்படியோ அப்படி. பல ஆண்டு விரல் பயிற்சி உள்ளவர்களுக்கே பத்து நிமிடத்தில் முன்கை கடுக்கும்.

மிஸ்ஸிசிப்பியின் மெரிடியனில் பிறந்த கிளியோ பிரவுனுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் சொந்த அண்ணன். அவர் பூகி பியானோக்காரர் பைன்டாப் ஸ்மித்தோடு பழகியவர். பைன்டாப் 1928 டிசம்பரில் தன் பூகியைப் பதிந்து, 1929 மார்ச்சில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்த கதை நமக்குத் தெரியும். ஆள் போனபின் அந்த உருப்படியை மறுபடி ஊர் கேட்கச் செய்தவர்களில் கிளியோ முக்கியமானவர். 1935-ல் டெக்காவுக்காக அவர் பதிந்த தட்டு அது. அதே ஆண்டு நியூயார்க் வானொலியில் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர் விட்டுப்போன இடத்தில் அவரை உட்கார்த்தினார்கள்.

மேரி லூ வில்லியம்ஸ் இன்னும் பெரிய ஆள். ஆண்டி கர்க்கின் கான்சஸ் சிட்டி குழுவுக்குப் பியானோவும் வாசித்து, இசையும் எழுதிக் கொடுத்தவர். 1930-ல் சிகாகோவில், தனியாக ஏதாவது வாசி என்று திடீரெனச் சொன்னபோது உட்கார்ந்த இடத்திலேயே உருவாக்கியதுதான் 'நைட் லைஃப்'. அதற்கான ராயல்டி தனக்கு வந்து சேரவில்லை என்று பின்னாளில் சொன்னார். 1937-ல் குழுத் தலைவர் பென்னி குட்மேனுக்கு அவர் எழுதிய 'ரோல் எம்' பூகியைப் பெரிய வாத்தியக் குழுவின் ட்ரம்பெட், சாக்ஸபோன் வரிசைக்கு ஏற்றிக் காட்டியது. வாசித்த குட்மேனுக்குக் கிடைத்த புகழில் எழுதியவருக்கு எவ்வளவு பங்கு வந்தது என்று கேட்டால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

என் காதுக்கு, இந்தப் பெண்களில் வலுவான இடது கை டெக்சஸ் கேல்வஸ்டன்காரர் கேமில் ஹோவர்டுடையது. 1947 டிசம்பர் 31. விடிந்தால் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவுத் தடை அமலுக்கு வரும்; எந்த வாத்தியக்காரரும் தட்டுக்கு வாசிக்கக் கூடாது. கம்பெனிகள் அடித்துப்பிடித்துப் பதிந்துகொண்டிருந்த நேரம் அது. ஸ்பெஷால்டி கம்பெனிக்காக அன்று கேமில் யோசிக்க நேரமில்லாமல் வாசித்த 'எக்ஸ்-டெம்பரேனியஸ் பூகி' 1948-ல் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போயிற்று.

டிரினிடாடின் வினிஃப்ரெட் அட்வெல்லுக்கு வந்தது சவால். மருந்துக்கடைக் குடும்பம், அவரும் மருந்தாளுநராகப் படித்தவர். பியார்கோ விமானத் தளத்தில் அமெரிக்க வீரர்களுக்கு வாசித்தபோது, உங்களால் பூகி வாசிக்க முடியாது என்று ஒருவர் பந்தயம் கட்டினாராம். வீட்டுக்குப் போய் 'பியார்கோ பூகி' எழுதிக்கொண்டு வந்தார். பிறகு லண்டன் ராயல் அகாடமியில் படித்தார். மேடையில் நல்ல கிராண்ட் பியானோவில் செவ்வியல் வாசித்துவிட்டு, பேட்டர்சீ பழைய சாமான் கடையில் 50 ஷில்லிங்குக்கு வாங்கிய ஓட்டைப் பியானோவுக்கு மாறுவார். கூட்டம் காத்திருந்தது அந்த ஓட்டைப் பியானோவுக்காகத்தான். 1954 டிசம்பரில் பிரிட்டிஷ் பட்டியலின் முதலிடத்துக்கு வந்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

பாடகிகளின் கதையில் காசும் நிறமும் இன்னும் வெளிப்படை. 'கௌ கௌ பூகி' கறுப்பினப் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு படத்தில் பாடுவதற்காக எழுதப்பட்டது, படத்தில் இடம்பெறவில்லை. 1942-ல் 17 வயது வெள்ளைப் பெண் எலா மே மோர்ஸ், ஃப்ரெடி ஸ்லாக் குழுவோடு அதைப் பாட, புதிதாகத் தொடங்கிய கேபிடல் கம்பெனி அந்தத் தட்டில் காலூன்றியது. மோர்ஸ் நன்றாகவே பாடினார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஃபிட்ஸ்ஜெரால்டு தன் பாட்டைத் தட்டாக வெளியிட 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரும் அதற்குள் பூகியை ராணுவ முகாம்வரை கொண்டுபோயிருந்தார்கள்.

மீண்டும் பியானோக்காரர்களிடம் வருவோம். நியூயார்க்கின் கஃபே சொசைட்டி இரவு விடுதியில் ஹேசல் ஸ்காட் செவ்வியல் உருப்படிகளை எழுதியபடியே தொடங்கி, நடுவழியில் பூகிக்குத் தாவிக் கூட்டத்தை அலற வைத்தார். சிகாகோவின் டோரதி டோனகனும் அதே ரகம். இந்த வித்தையைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேர், இவர்கள் ஏன் அந்த உருப்படிகளை முழுசாக வாசிக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள்? சிம்பொனி மேடைகளில் கறுப்பினப் பெண்ணுக்கு அன்று இடம் கிடைப்பது அரிது. வாங்க ஆள் இருந்த சரக்கு பூகி.

பட்டம் கொடுத்தவர்கள் அதற்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள், ராணிகள் இருக்கவில்லை. ஹாடா ப்ரூக்ஸ் மெதுவான காதல் பாட்டுகளுக்குப் போனார். 1950-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'இன் எ லோன்லி பிளேஸ்' படத்தில் பியானோ முன் பாடுகிறவர் அவர்தான். மேரி லூ 'ஸோடியாக் சூட்' எழுதினார், பின்னர் தேவாலயத்துக்கான இசை எழுதினார். கிளியோ பிரவுன் மேடையை விட்டுச் செவிலியரானார். அவரிடம் கற்றுக்கொண்டதை மறக்காத டேவ் புரூபெக் 'ஸ்வீட் கிளியோ பிரவுன்' என்றே ஓர் உருப்படி எழுதினார். கேமில் ஹோவர்டும் சமய நம்பிக்கையால் தொழிலை விட்டார்.

கேமில் பதிந்த அதே ஸ்பெஷால்டி கம்பெனியில், 1955-ல் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் கையெழுத்திட்டார். பெயர் லிட்டில் ரிச்சர்ட். பூகியின் இடது கை ராக் அண்ட் ரோலுக்குள் புகுந்த கதையை அவரிடமிருந்து தொடங்கலாம், அடுத்த வாரம்.