தாய்ப்பத்திரம்

இன்று கையில் இருக்கும் பத்திரம் எந்த முந்தைய பத்திரத்திலிருந்து பிறந்ததோ, அதுவே அதன் தாய்ப்பத்திரம். 'பத்ர' என்றால் வடமொழியில் இலை. எழுத்து ஏறிய இலை ஆவணமானது, நம் 'ஓலை' போலவே. அதனோடு 'தாய்' சேர்ந்ததுதான் அழகு: காகிதத்துக்கும் பிறப்பு உண்டு என்று தமிழ் சொல்லிவிட்டது.

சுண்ணாம்புக்கல் பூமியான ரெட்டிபாளையத்தில் ஒரு காணியின் ஆவணங்களை அடுக்கிப் பாருங்கள். 1995க்கு முந்தையது திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்னும், அடுத்தது பெரம்பலூர். 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இலிருந்து மீண்டும் அரியலூர். மண் நகரவில்லை, பெயர்தான் மாறியது. இவற்றைக் கோத்துப் பிடிப்பது புல எண். 45 பிரிந்தால் 45/1, 45/2. பிள்ளையின் பெயரிலேயே தாயின் எண்!

கணினித் துறையினர் 'தரவு வழிமரபு' என்பது இதைத்தான்: ஒரு தகவல் எந்தத் தரவுத்தளத்தில் பிறந்து, எந்த இணைப்பு வழியாக வந்தது என்ற தடம். பதிவுத்துறைத் தரவு வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' தரவுத்தளத்தோடு இணைந்ததால், உட்பிரிவு தேவைப்படாத கிரயத்தில் பட்டா தானாகவே மாறும் வசதி வந்திருக்கிறது. இணைப்பில் புல எண் பிசகினால் தடமும் அறுந்துவிடும்.

நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், தாய்ப்பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.