கண் தெரியாத கடைக்காரி

சென்ற தீபாவளியன்று எங்கள் வீட்டில் பெரிய வெடி வாசலில் வெடிக்கவில்லை, கூடத்தில் வெடித்தது. என் மகனுக்கும் அக்காள் மகனுக்கும் நடந்த வாக்குவாதத்தைத்தான் சொல்லுகிறேன். ஒருவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை; மற்றவன் கம்பெனி உத்தியோகத்தில் இருப்பவன். ஆனால் வீடியோ விளையாட்டு என்று வந்துவிட்டால் இருவருக்கும் ஒரே வயதுதான்.

2011-ஆம் வருஷம் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டே உண்மையான ஆர்.பி.ஜி. என்பது என் மகன் கட்சி. 2015-இல் வந்த 'தி விட்சர் 3' தான் உண்மையானது என்பது மருமகன் கட்சி. இரண்டுமே காடும் மலையும் ஊருமாக விரிந்து கிடக்கும் உலகங்கள். ஆடுகிறவன் நினைத்த திசையில் நடக்கலாம், நினைத்த வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆகவே உலகத்தைப் பற்றிச் சண்டையில்லை. 'ரோல் பிளேயிங்' என்ற சொல்லைப் பற்றித்தான் சண்டை. நம் பாஷையில் சொன்னால், வேஷம் கட்டி ஆடுவது. எது வேஷம், எது வெறும் ஆட்டம்?

"ஸ்கைரிமில் நான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். விட்சரில் ஜெரால்ட் என்று ஒருத்தனை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் சட்டையை நான் போட்டுக்கொண்டால் அது என் வேஷமா?" என்றான் மகன்.

"யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் யாராகவும் இல்லை என்று அர்த்தம்" என்றான் மருமகன். "மாமா, நீங்கள் கதை எழுதுகிறவர். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

கம்ப்யூட்டரில் கதையைத் தட்டச்சுச் செய்வதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பொங்கல் வரையில் வாய்தா வாங்கிக்கொண்டேன். வாய்தா வாங்கியவன் கட்டுகளைப் படித்துத்தானே ஆகவேண்டும்? படிக்கப் படிக்க, பையன்களின் சண்டை இருநூறு வருஷத்துச் சண்டை என்று தெரிந்தது.

கதை பிரஷ்யாவில் ஆரம்பமாகிறது. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, மேஜைமேல் நிலப்பரப்பை அமைத்து ஆடும் ஒரு போர் விளையாட்டை அரசருக்குக் காட்டினார். 1824-இல் அவருடைய மகன் அதற்கு விரிவான விதிகளை அச்சிட்டார். வரைபடம் உண்டு, பகடை உண்டு. இவற்றைவிட முக்கியமாக, இரு கட்சிக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தர் உண்டு. சேனாபதிகள் தங்கள் உத்தரவுகளை அவரிடம் கொடுப்பார்கள். அவர் பகடையை உருட்டி, கணக்குப் பார்த்து, என்ன நடந்தது என்று சொல்லுவார். 1876-இல் வெர்டி டூ வெர்னுவா என்ற ராணுவ அதிகாரி, "இத்தனை அட்டவணையும் பகடையும் எதற்கு? அனுபவமுள்ள மத்தியஸ்தரின் புத்தியே போதும்" என்ற கட்சியை எடுத்தார். கணக்கா, மனித விவேகமா என்ற வழக்கு அன்றைக்கே பிறந்துவிட்டது.

எங்கள் ஜாதிக்காரர் ஒருவரும், அதாவது நாவலாசிரியர் ஒருவரும், இந்தச் சரித்திரத்தில் வருகிறார். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி, 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகவே போட்டார். செவ்வாய்க் கிரகத்துப் படையைப் பூமிக்குக் கொண்டுவந்த மனிதர் தரையில் உட்கார்ந்து தகரச் சிப்பாய்களை நகர்த்தியிருக்கிறார் என்று அறிந்ததும் எனக்குச் சற்றுத் தைரியம் வந்தது.

ஆனால் இதுவரையில் ஆடியவர்கள் எல்லாரும் சேனாபதிகள். யாரும் ஒரு தனி மனிதனாக ஆடவில்லை. அந்தத் திருப்பம் 1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் நேர்ந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து நெப்போலியன் காலத்து விளையாட்டு ஒன்றை நடத்தினார். படைகள் வருவதற்குமுன் சற்றுப் பொழுது போகட்டும் என்று, ஊர் மேயர் முதலான வேஷங்களைச் சிலருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான், படைகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். தனித்தனியே கூடிக் கூடிப் பேசினார்கள், சதி செய்தார்கள், பேரம் பேசினார்கள். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று வெஸ்லி மனம் நொந்தார். ஆடியவர்களோ, "அடுத்தது எப்போது?" என்று கேட்டார்கள்!

அப்படி ஆடியவர்களில் டேவ் ஆர்னசன் ஒருவர். அவர் அந்த முறையை மந்திரவாதிகளும் பூதங்களும் நிறைந்த 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் இருந்தார். இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தை இழந்து, செருப்புத் தைத்துப் பிழைத்தவர். இருவரும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். ஆடுகிறவனுக்குப் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று எண்கள் உண்டு; அனுபவம் ஏற ஏறப் படியும் ஏறும். ஆனால் நடுவே மத்தியஸ்தரும் இருந்தார். "இந்த அரக்கனோடு நான் சண்டை போடப் போவதில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போகிறேன்" என்று ஒருவன் சொன்னால், ஒரு கணம் யோசித்து, "சரி, அரக்கன் திகைத்து நிற்கிறான்" என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார்.

மறு வருஷமே இது கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. இல்லினாய் சர்வகலாசாலையின் 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் அமைப்பில் 1975-இல் மாணவர்கள் இத்தகைய விளையாட்டுகளை எழுதினார்கள். ஒன்றுக்கு யாருக்கும் சந்தேகம் வராதபடி 'பெடிட்5' என்று பெயர் வைத்து ஒளித்தார்கள். நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. பகடை உருட்ட, கூட்ட, கழிக்க, படியேற்ற, எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன். ஆனால் அரக்கனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அதற்கு ஒன்றும் புரியாது. கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்தார். நாட்டாண்மைக்காரர் எழுந்து போய்விட்டார். மிஞ்சியது எண்கள். ஆகவே எண்களே வேஷம் என்று ஒரு தலைமுறை நம்பியது. வேறொரு கிளை நிலத்தைப் பிடித்துக்கொண்டது. 1984-இல் இங்கிலாந்தில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு இளைஞர்கள் எழுதிய 'எலீட்', எட்டு அண்டங்களை, ஒவ்வொன்றிலும் 256 கிரகங்களை, மிகச் சிறிய கம்ப்யூட்டரில் அடைத்துவிட்டது. போனவன் போன வழி. வியாபாரமும் செய்யலாம், கொள்ளையும் அடிக்கலாம்.

எண்ணும் நிலமும் கலியாணம் செய்துகொண்டன. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வரிசை 1994-இல் தொடங்கியது. அதில் 2002-இல் வந்த 'மாரோவிண்ட்', கதைக்கு இன்றியமையாத மனிதனையும் கொல்ல விட்டது. கொன்றபின், கதையின் இழை அறுந்தது, இனி உன் பாடு என்று அறிவித்துவிட்டது. 2006-இல் வந்த 'ஒப்ளிவியன்' அப்படி விடவில்லை. முக்கியமானவர்களை வெட்டினால் மயங்கி விழுந்து, சற்றுநேரத்தில் எழுந்து நடந்தார்கள். ஸ்கைரிமிலோ, இரண்டு மந்திரம் மட்டும் தெரிந்தவனும் மந்திரக் கல்லூரியின் தலைவனாகலாம். அவனே திருடர் சங்கத்துக்கும் கொலைகாரர் கூட்டத்துக்கும் தலைவனாகலாம். ஒரு கூட்டத்துக்கும் மற்றது பொருட்டில்லை. மருமகனின் ஆத்திரம் எனக்கு விளங்கியது.

எண் இருந்தால் போதும் என்றால் 2004-இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' கதாநாயகன் தின்றால் கொழுக்கிறான், பயிற்சி செய்தால் முறுக்கேறுகிறான், அதை ஆர்.பி.ஜி. என்று சொல்வார் அதிகம் இல்லை. எண் குறைவாக இருந்தாலும் வேஷம் நிறைவாக இருக்கலாம் என்றால் விட்சர் சாட்சிக்கு வருகிறது. ஜெரால்ட் முதலில் தோன்றியது பத்திரிகையில். 1986-இல் போலந்தில் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி எழுதிய சிறுகதை. கிடைத்தது மூன்றாம் பரிசு. (பரிசு பெறாத எழுத்தாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) அந்த விளையாட்டில் மரத்தடியில் கட்டுண்டு கிடக்கும் ஆவி ஒன்று விடுதலை கேட்கிறது. விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைக்கின்றன. ஆனால் ஒரு கிராமம் அழிகிறது, ஒரு தாய் சாகிறாள், அவள் கணவன் தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றால் தாய் புத்தி பேதலித்துப் பிழைக்கிறாள்; குழந்தைகள் காணாமற் போகின்றன. எது தர்மம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இதைப் படித்துவிட்டு நான் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

தீர்ப்பு மருமகன் பக்கம் சாயத் தொடங்கியது. ஆயினும் ஆடாமல் தீர்ப்புச் சொல்வது அழகல்ல என்று, பழையதாக ஒன்றை மகனிடம் கேட்டு வாங்கினேன். அது ரிச்சர்ட் காரியட் 1985-இல் வெளியிட்ட 'அல்டிமா 4'. அவருடைய முந்தைய விளையாட்டுகளில் கடைகளைக் கொள்ளையடித்தவனும் ஜெயித்துக்கொண்டிருந்தான். அது அவருக்கு உறுத்தியது. ஆகவே கடைசியில் கொல்லவேண்டிய அரக்கனே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்தார். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி 'அவதார்' ஆவதுதான் இலட்சியம். நம் சொல்தான். நமக்கு அவதாரம் என்றால் மேலிருந்து இறங்கி வருவது. அவரிடம் கீழிருந்து ஏறிப் போவது.

ஆரம்பத்தில் குறி சொல்லும் ஒருத்தி ஏழு கேள்விகள் கேட்டாள். என் பதில்களைப் பார்த்து, பணிவே என் குணம் என்று கண்டு, ஆட்டிடையன் வேஷம் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பணிவுக்கு அதுவே முதல் பங்கம். மந்திரம் கூட்டப் பூண்டு முதலான சரக்குகள் வேண்டும். விற்பவள் கண் தெரியாதவள். விலையைச் சொல்லுவாள், எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்பாள், கொடுத்ததை வாங்கிக்கொள்ளுவாள். முதல் தடவை சரியாகக் கொடுத்தேன். இரண்டாம் தடவை பணம் குறைவாக இருந்தது. ஒரே ஒரு பொற்காசு கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாலைந்து தடவை அப்படியே செய்தேன். திரையில் ஓர் எண்ணும் குறையவில்லை.

சில நாள் கழித்து அரண்மனையில் ஒரு ஞானியிடம் போய், நேர்மையில் நான் எப்படி என்று கேட்டேன். திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எண்கள் இருந்திருக்கின்றன; என் கண்ணுக்குத்தான் காட்டவில்லை.

இருபது வருஷமாகக் கதாபாத்திரங்களைச் சாகடித்திருக்கிறேன், வாழவைத்திருக்கிறேன், வழுக்கி விழச்செய்து உபதேசமும் செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது திரும்பி என்னைக் கேள்வி கேட்டதில்லை. கேட்க முடியாது; வேஷம் அவர்களுடையது, பேனா என்னுடையது. அன்றைக்குத்தான் வேஷமும் என்னுடையதாயிற்று.

பொங்கலன்று தீர்ப்பைச் சொன்னேன். உலகம் எவ்வளவு பெரியது என்பது கேள்வியல்ல. எண்கள் எத்தனை என்பதும் அல்ல. ஆளை நீ செய்தாயா, எழுதிக் கொடுத்தார்களா என்பதும் அல்ல. நீ செய்த வினை அந்த உலகத்துக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் அது வேஷம். இல்லாவிட்டால் அழகான ஊர் சுற்றல், அதுவும் குற்றமில்லை. எழுந்துபோன நாட்டாண்மைக்காரர் அந்த ஞானியின் உருவத்தில் கொஞ்சம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மருமகன் ஜெயித்த முகத்தோடு கரும்பைக் கடித்தான். மகன் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. சற்றுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி அப்பா, அந்தக் கடைக்காரிக்கு ஏன் குறைத்துக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டான். பணம் போதவில்லை என்று சொல்லவந்தேன். பிந்தைய தடவைகளில் பணம் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

"யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்" என்றேன்.