தற்கொலை முயற்சிக் குற்றம் (பிரிவு 309)

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நிறுத்திய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு. 1860-இல் இயற்றப்பட்டு 1862 முதல் செயலுக்கு வந்தது. ஓராண்டு வரை வெறுங்காவலும் கூடவே அபராதமும் விதிக்க இடமளித்தது. 1882-இல் இரண்டில் ஒன்று போதும் எனத் தளர்த்தப்பட்டது. இதற்கு முன்மாதிரியான சட்டத்தை இங்கிலாந்து 1961-லேயே கைவிட்டது. தமிழர் வாழும் நாடுகளில் இலங்கை 1998-லும் சிங்கப்பூர் 2020-லும் மலேசியா 2023-லும் இக்குற்றத்தை நீக்கின.

இப்பிரிவின் உண்மையான சேதத்தைச் சிறைக்கூடத்தில் தேடுவதைவிட மருத்துவமனை வாசலில் தேடுவதே சரி. இப்பிரிவு இருந்த காலத்தில் சென்னை மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால், அருகிலுள்ள தனியார் மருத்துவமனை ‘போலீஸ் கேஸ்’ என்று தயங்கும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லும். அந்த அலைச்சலில் போகும் நேரம் உயிருக்கு உரிய நேரம். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று எழுதி, புறக்காவல் நிலையம் வழியாக உரிய காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். வழக்குக்கு அஞ்சிய குடும்பம் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லிவிடும். விபத்து என்று பதிவானவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப யாருக்கும் காரணம் இருக்காது. மன அழுத்தமோ மனச்சிதைவோ கண்டறியப்படாமலே அவர் வீடு திரும்புவார். மீண்டும் முயலும் அபாயம் மிகுந்தவர்களைச் சட்டமே சிகிச்சையிலிருந்து மறைத்துவைத்தது.

நீக்கும் முயற்சி பலமுறை தடுமாறியது. சட்ட ஆணையம் 1971-இல் தன் 42-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 1978-இல் மாநிலங்களவை ஏற்ற மசோதா, அடுத்த ஆண்டு மக்களவை கலைந்ததால் காலாவதியானது. 1994-இல் பி.ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லாது என்றது. இரண்டே ஆண்டுகளில், கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. தத்துவமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிமை இல்லாத ஒன்றைச் செய்தவரெல்லாம் தண்டிக்கப்பட வேண்டியவரா என்பது வேறு கேள்வி. 1997-இல் சட்ட ஆணையமும் பின்வாங்கி, பிரிவு நீடிக்கட்டும் என்றது.

திருப்பம் 2008-இல் வந்தது. தேவகோட்டையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்து, உச்ச நீதிமன்றம் சென்ற ஏ.ஆர்.லட்சுமணன் அப்போது ஆணையத் தலைவர். அவர் அளித்த 210-ஆம் அறிக்கை, ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவருக்குத் தண்டனை கூடுதல் துன்பமே என்று வாதிட்டு, பிரிவை நீக்கச் சொன்னது.

நீதிமன்றங்களுக்கு வெளியே இதே நிலைப்பாட்டைச் சென்னையில் வற்புறுத்திவந்தவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் அவர் நிறுவிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. அங்குள்ள தன்னார்வலர்கள் அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. சொல்வதைக் கேட்கிறார்கள், வெளியே விடுவதில்லை. முயற்சியே குற்றமாக இருந்த காலத்தில் இந்த இரகசியக் காப்பு சாதாரண வாக்குறுதி அல்ல. இன்று ஒன்றிய அரசின் ‘டெலி-மானஸ்’ மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணிலும் தமிழில் பேசலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், மறுத்து நிரூபிக்கப்பட்டாலன்றி அவரை 309-இன் கீழ் விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. ஆறு ஆண்டுகள் ஒரு சட்டம் குற்றம் என்றும் இன்னொன்று தண்டிக்காதே என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 1-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 309-ஐ விட்டுவிட்டது.

முழுதாக விட்டது என்று சொல்ல முடியாது. புதிய சட்டத்தின் 226-ஆம் பிரிவு, அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூகசேவைக்கு உரிய குற்றமாக்குகிறது. கந்துவட்டி, நிலத்தகராறு என்று மனு கொடுத்துச் சலித்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தன்று ஆட்சியர் அலுவலக வாசலில் உயிரைவிடத் துணிபவர்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்கள் செய்வது நிர்ப்பந்தமா, மனம் நொறுங்கியதன் வெளிப்பாடா என்பதை அங்கே காவலுக்கு நிற்பவர் எப்படிப் பிரித்தறிவார்? 115-ஆம் பிரிவின் வாசகம் விலக்களிப்பதோ பழைய 309-இலிருந்து மட்டும். 226-இல் வழக்கானவருக்கும் அந்தக் காப்பு உண்டா என்பதை நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும்.