இதயத்தைத் துளைக்கும் காயம்

கத்தி, தோட்டா, வெடிகுண்டுச் சிதறல் போன்றவை மார்புச் சுவரைத் துளைத்து இதயம்வரை பாய்வதால் உண்டாகும் காயம். மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருப்பதால் இதயத்தின் வலது கீழறையே பெரும்பாலும் குத்துப்படுகிறது.

இதயத்தில் காயம் பட்டால் பிழைக்க வழியில்லை என்பதே பண்டைக் கிரேக்க மருத்துவத்தின் முடிவு. கிளாடியேட்டர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த கேலன் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். குத்து அறைக்குள் இறங்கினால் உடனே மரணம். தசையோடு நின்றுவிட்டால் சிலர் அன்று பகலும் அதையடுத்த இரவும் கூட உயிரோடு இருந்தார்கள்.

இந்தத் தாமதத்துக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையும் ஒரு காரணம். கசியும் ரத்தத்தை அது வெளியே விடாமல் தேக்கிக்கொள்வதால் ரத்தப்போக்கு மட்டுப்படுகிறது. ஆனால் அந்த உறை சட்டென விரிந்து கொடுக்காது. 200 மில்லி அளவு ரத்தம் வேகமாகத் தேங்கினாலே இதயம் விரிய இடமில்லாமல் நெரிபடும். 1884-இல் மருத்துவர் எட்மண்ட் ரோஸ் இதற்கு ‘டாம்போனேட்’ என்று பெயரிட்டார். ரத்த அழுத்தம் இறங்கும், கழுத்துச் சிரைகள் புடைக்கும், ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலி மங்கிக் கேட்கும். காப்பதும் கொல்வதும் ஒரே உறைதான். இந்தக் காயத்தின் வரலாறு முழுவதும் அது தரும் அவகாசத்தைச் சுற்றியே நடக்கிறது.

1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவாவில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை லூய்ஜி லுச்சேனி என்பவன் கூரிய அரத்தால் குத்தினான். கீழே விழுந்தவர் எழுந்து, நடந்துபோய்க் கப்பலில் ஏறினார். குத்துப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. மயங்கிச் சரிந்தபின் உடையைத் தளர்த்தியபோதுதான் சிறு ரத்தக்கறை கண்ணில் பட்டது. ஆயுதம் இடது கீழறையைத் துளைத்திருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது.

அவரைக் காப்பாற்றக்கூடிய வித்தை அதற்குள் பிறந்திருந்தது என்பதுதான் வேதனை. 1895-இல் ஆக்சல் காப்பெலன் நார்வேயில் இதயத்துக்குத் தையல் போட்டார்; நோயாளி சில நாளில் இறந்தார். 1896 செப்டம்பர் 9 அன்று பிராங்க்பர்ட்டில், குத்துப்பட்டு இரண்டு நாளாகிச் சாகக் கிடந்த 22 வயது இளைஞரின் மார்பை லுட்விக் ரேன் திறந்தார். வலது கீழறையில் ஒன்றரை சென்டிமீட்டர் ஓட்டை. விரலால் அடைத்துக்கொண்டு, இதயம் விரியும் கணம் பார்த்துப் பட்டு நூலால் மூன்று தையல் போட்டார். பிறகு சீழ் வைத்தும் இளைஞர் தேறினார். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் இது பெரிய காரியம். 1902-இல் அமெரிக்காவின் அலபாமாவில் லூதர் ஹில், 13 வயதுச் சிறுவனின் இடது கீழறையை, வீட்டுச் சமையலறை மேசையில் கிடத்தி மண்ணெண்ணெய் விளக்கொளியில் தைத்துப் பிழைக்க வைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் டுவைட் ஹார்க்கன் 134 வீரர்களின் இதயத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் தங்கிய குண்டுத் துண்டுகளை எடுத்தார். ஒருவரும் இறக்கவில்லை. பிற்கால இதய அறுவைக்குத் துணிவு தந்தவற்றில் இந்த அனுபவமும் ஒன்று.

இன்று அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கேன் கருவி சில நிமிடங்களில் உறையில் ரத்தம் தேங்கியிருப்பதைக் காட்டிவிடுகிறது. குத்திய கத்தி உடலிலேயே நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் துணி சுற்றிப் பிடித்து, அறுவை அரங்கில்தான் அதை எடுக்க வேண்டும்.