காக்கிநாடா பயிற்சியும் சிவகாசித் தீப்பெட்டியும்

தென்னிந்தியாவைப் பற்றிய இரு நூல்கள் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தன. உளவியலாளர்கள் டேவிட் மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் எழுதிய முதல் நூல், காக்கிநாடா வணிகர்களுக்கு அளிக்கப்பட்ட ஒரு பயிற்சியைப் பற்றியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய மற்றொன்று தமிழ்நாட்டு நாடார் சமூகத்தின் வரலாறு. நிறுவன உளவியல் படிப்போர் முதல் நூலையே அறிவர். ஆனால் அது எழுப்பும் கேள்விக்குப் பாதி விடை இரண்டாம் நூலில் உள்ளது.

சில நாடுகள் தொழிலில் முந்துவது ஏன்? புராட்டஸ்டண்டு சமய ஒழுக்கமே காரணம் என்றார் மாக்ஸ் வெபர். மெக்லெலண்ட் அதை உளவியலாக மாற்றி, 'சாதனை ஊக்கம்' என்றார். ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி அந்த ஊக்கத்தை அளந்தார். பல நாடுகளின் பள்ளிப் பாடநூல் கதைகளையும் அவ்வாறே அளந்து 1961இல் நூலாக்கினார்.

இந்த ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்பதே காக்கிநாடா ஆய்வு. 1964 முதல் அவ்வூர் வணிகர் 52 பேர் குழுக்களாக ஐதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டனர். பயிற்சி பெற்றவர்கள் பின்னர் கூடுதல் முனைப்புடன் தொழில் செய்தனர் என்று கண்டனர். சாதியும் மரபு நம்பிக்கையும் இதற்குத் தடையாக இல்லை என்பதும் ஒரு முடிவு. இன்றும் வணிகவியல் தேர்வுகளில் இது கேட்கப்படுகிறது.

சிவகாசிக்கு எந்த உளவியலாளரும் வந்து பயிற்சி தரவில்லை. மழை குறைந்த கரிசல் பூமி அது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவ்வாண்டில் வெளிநாட்டுத் தீப்பெட்டிகளின் மீதான இறக்குமதி வரி உயர்ந்ததும் கைகொடுத்தது. சுவீடன் நிறுவனத்தின் வழிவந்த விம்கோ பெரும் இயந்திரங்களால் செய்ததை, இங்கே கையால் செய்தனர். பிறகு இதே ஊரில் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன.

இதை இருவரின் சாதனை ஊக்கம் என்று மட்டும் சொன்னால் வரலாறு குறைந்துவிடும். கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த சமூகம் அது. வணிகர்கள் தங்கள் சரக்கின் மீது தாங்களே 'மகமை' என்னும் சிறு வரி விதித்துக்கொண்டனர். உறவின்முறை அதை நிர்வகித்தது. வண்டிகளும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் இருந்தன. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி திரட்டி விருதுநகரில் பள்ளி நடத்தினர். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அதுவே. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றியது. தனி மனிதன் துணிந்து இறங்கக் கீழே விரித்த வலை என்று இவற்றைக் கூறலாம். படம் காட்டிக் கதை எழுதவைக்கும் சோதனையில் இந்த வலை அகப்படாது.

இந்திய உளவியலாளர் ஜெய் பி. பி. சின்ஹா 1968இல் வெளியிட்ட சோதனை இங்கே நினைக்கத்தக்கது. பொருள் தாராளமாக இருக்கும்போது சாதனை ஊக்கம் மிகுந்த குழு நன்றாகவே செயல்பட்டது. பொருள் குறைவாக இருந்தபோதோ அவர்கள் பதுக்கினர். ஒத்துழைத்த குழுவே முந்தியது. கரிசல் காட்டில் எது தாராளம்?

ஒத்துழைப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். மகமை வணிகர்களுக்கு உரியது. சிவகாசி, வெம்பக்கோட்டை, ஆலங்குளம் வட்டாரத்துச் சிற்றூர்களில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். அவர்களின் ஊக்கத்தை மெக்லெலண்டின் கோட்பாடு கேட்கவில்லை. ஊர் வரலாறுகளும் அதிகம் கேட்கவில்லை. சிவகாசிச் சிறுவர் உழைப்பு குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.